குப்பாயி குடித்ததில்லை

வாழவந்தி பஸ் நிறுத்தத்தில் குப்பாயி ஒரு கண்டக்டரைக் கன்னத்தில் அறைந்தது எழுபத்தெட்டாம் வருடம் கார்த்திகை மாதத்தில். அன்று காலையில் பனி அப்படிக் கவிந்திருந்தது. பஸ்ஸின் முன்விளக்குகள் இரண்டும் வெறும் மஞ்சள் கறையாகத் தெரிந்தன. ஏறுவதற்குப் படியில் ஒரு காலை வைத்தாள். மறு காலைத் தூக்கியதும் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்றே தெரியவில்லை. பின்னால் யாரோ இறக்கி வைத்திருந்த பீன்ஸ் மூட்டைமேல் மல்லாக்க விழுந்தாள்.

"காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டு வந்துட்டியா? எறங்கு, எறங்கு. வண்டியில வாந்தி எடுத்து வெச்சா யாரு கழுவறது?" என்றான் கண்டக்டர்.

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் அவள் சொந்தக்காரர்கள். குப்பாயி எழுந்தாள். இடது கையால் கதவுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வலது கையால் அறைந்தாள்.

"நீ வந்து ஊத்திக் குடுத்தியாடா?"

பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது. அவள் குடிகாரி என்பதற்கு ஊர் அதுவரைக்கும் அரைகுறையாகத்தான் சாட்சி வைத்திருந்தது. அன்றைக்கு அது உறுதியாகிவிட்டது. குடித்தவள்தானே கண்டக்டர் மேல் கை வைப்பாள்?

குப்பாயி தன் ஆயுளில் சாராயத்தைத் தொட்டதில்லை. அந்த வாடையே அவளுக்கு ஆகாது. அவளுடைய அப்பன் குடித்தே செத்தவர்.

ஒரு வருடத்துக்கு முன்னால் சேர்வராயன் மலையில் அவளைப்போல நடந்தவர்கள் குறைவு. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கும் வேலை. செங்குத்தான சரிவில் இடுப்பில் கூடையோடு செடி செடியாகத் தாவிப் போவாள். பழமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஓடைமேல் போட்டிருந்த ஒற்றைச் சவுக்கு மரத்தின்மேல் கையை வீசிக்கொண்டு கடப்பாள். மூட்டையைப் பிடிக்கவே மாட்டாள். சேலையால் சேர்த்துக் கட்டிய மூன்று வயது மகள் பழனியம்மா முதுகில் தூங்கிக்கொண்டிருப்பாள்.

எழுபத்தெட்டு தை மாதத்தில் இருமலோடு ரத்தம் வந்தது. எஸ்டேட் டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் கீழேயிருந்து காரில் வருவார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, எக்ஸ்ரே படம் எடுத்துவரச் சொல்லி, டி.பி. என்றார். மாத்திரையும் தினமும் ஓர் ஊசியும் எழுதினார். ஊசி போடுவது எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பாலசுப்பிரமணியத்தின் வேலை. ஆஸ்பத்திரி என்றால் ஓடு வேய்ந்த ஓர் அறையும் ஒரு பெஞ்சும்தான்.

பங்குனி வந்தபோது இருமல் நின்றது. சோறு இறங்கியது. ரத்தம் வரவில்லை. ஆனால் வேறொன்று ஆரம்பித்தது. நடந்தால் எதிரே இருக்கிற மரமெல்லாம் துள்ளியது. வருகிற ஆளின் முகம் குலுங்கியது. அவள் நின்றால் அதுவும் நின்றது. ராத்திரி வெளியே போக எழுந்தால் சுவரில் முட்டினாள். காதுக்குள் சில்வண்டு கத்துகிற மாதிரி ஓர் இரைச்சல்.

கம்பவுண்டரிடம் சொன்னாள். "ஏனுங்க சார், இந்த ஊசி போட்டதுலருந்து பூமி ஆடுதுங்க."

"சீக்குக்காரிக்கு ஆடத்தான் செய்யும். தெம்பு வந்தா சரியாப் போயிரும். திரும்பி நில்லு."

மறுநாளும் சொன்னாள். அடுத்த வாரமும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஊசி ஏறியது. மருந்து தீருகிறவரைக்கும் போட்டார். பிறகு தெம்பு வந்தது. பூமி ஆடுவது நிற்கவில்லை.

சித்திரையில் வேலைக்குத் திரும்பினாள். முதல் நாளே ஒற்றை மரத்திலிருந்து ஓடைக்குள் விழுந்தாள். கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் பேச்சு கிளம்பியது. யார் முதலில் சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கூட வேலை செய்கிறவர்கள் அவள் பக்கத்தில் வந்து மூக்கைச் சுளிப்பார்கள். ஒரு வாடையும் வராது. இருந்தாலும் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்.

புருஷன் பெரியண்ணன் அடிக்கிற ஆள் இல்லை. அவன் செய்தது அதைவிட மோசம். சாயங்காலம் அவள் வீடு திரும்பியதும் வாசலில் நிறுத்துவான்.

"ஊது."

அவள் ஊதுவாள். அவன் மோந்து பார்ப்பான். ஒன்றும் இருக்காது. உள்ளே போகச் சொல்வான். மறுநாளும் அதேதான்.

"ஏனுங்க, தெனமும் மோந்து பாத்தீங்களே, என்னிக்காச்சும் வந்துச்சா?"

"வாசம் வராத சரக்கும் இருக்குதுன்னு சொல்றாங்க புள்ள."

அன்றைக்குக் குப்பாயி அடுப்பிலிருந்த களிச்சட்டியைத் தூக்கி வெளியே வீசினாள். சட்டி குறி தவறி நிலைப்படியில் மோதி உடைந்தது. குடிக்காமல் இருப்பதை ஒருத்தி எப்படி நிரூபிப்பாள்? வாடை வந்தால் குடித்திருக்கிறாள். வாடை வராவிட்டால் வாடையில்லாததைக் குடித்திருக்கிறாள். இந்தக் கணக்கில் அவள் ஜெயிக்க வழியே இல்லை.

அந்த ஆவணியில் பழனியம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இருட்டில் நடந்தபோது விழுந்தாள். பிள்ளைக்கு நெற்றி பிளந்துவிட்டது. மாமியார் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அதன்பிறகு குப்பாயி பிள்ளையைத் தூக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்தில் மடியில் வைத்துக்கொள்வாள். எழுந்திருக்கும்போது இறக்கி விட்டுவிடுவாள்.

சரிவில் வேலை முடியாது என்று ஆனது. எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்குகிற கொட்டகைக்கு மாற்றினார்கள். கூலி பாதி. உட்கார்ந்து செய்கிற வேலை. கண்ணுக்கு வெளிச்சமும் காலுக்குச் சமதரையும் இருந்தால் அவளால் நடக்க முடிந்தது. வெயிலில் சுவரையோ வேலியையோ பார்த்துக்கொண்டே நடந்துவிடுவாள். பனி இறங்கினாலோ இருட்டினாலோ போச்சு. உடம்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல உடம்புக்குள் யாருமே இல்லை. சேர்வராயன் மலையில் பனி இறங்காத மாதம் எத்தனை? ஊரில் அவளுக்கு 'தள்ளாட்டக் குப்பாயி' என்று பேர் வந்தது. அந்தப் பேரைச் சொன்ன ஒருவரையும் அவள் சும்மா விட்டதில்லை. நாக்கு ஒன்றுதான் அவளிடம் தள்ளாடாமல் இருந்தது. சாவு வீட்டிலும் சண்டை போட்டாள், கோயிலிலும் போட்டாள். வயது ஏறியதே தவிரக் கோபம் இறங்கவில்லை.

தொண்ணூற்று மூன்றில் பழனியம்மாவுக்கு மாப்பிள்ளை பேசினார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். பையனுக்குச் சொந்தமாகக் காப்பியும் கமலா ஆரஞ்சும் இருந்தது. வெற்றிலைபாக்கு மாற்றுவதற்கு நாள் குறித்த பிறகு ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்கள். வந்தவன் பெரியண்ணனை ஓரமாக அழைத்துப்போய்த்தான் சொன்னான். குப்பாயிக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"பொண்ணைப் பத்திக் கொறை இல்லீங்க. தாயிதான் தண்ணி போடறாங்களாம். நாளைக்கு நாலு பேரு வந்து போற ஊடு பாருங்க."

அவள் அவனை அடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். பழனியம்மா வந்து, "விடும்மா, அந்த ஊட்டுக்கு நான் போறதா இல்லை" என்றாள். அது குப்பாயிக்கு ஆறுதலாக இல்லை. பிள்ளையும் அதை நம்புகிறாளோ என்று பார்த்தாள். கேட்கப் பயமாக இருந்தது.

மறுநாள் ஏற்காட்டில் சையத் இப்ராஹிமின் மளிகைக்கடையில் போய் நின்றாள். கடையில் அவருடைய மனைவி ஜரீனா இருந்தாள். வாரம் தவறாமல் குப்பாயி சாமான் வாங்குகிற கடை அது. இவள் குடிப்பதில்லை என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் ஜரீனாதான். "கல்லாவுக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி நிக்கிறேன். வாடை வந்தா எனக்குத் தெரியாதா?" என்பாள்.

குப்பாயி நடந்ததைச் சொன்னாள். ஜரீனா தராசைக் கீழே வைத்தாள்.

"நீ எப்பப் பார்த்தாலும் இருட்டினாத்தான் விழுறே. குடிகாரன் வெளிச்சத்திலயும் விழுவானே. எங்க அக்கா மகனுக்கு இப்படித்தான் கிறுகிறுன்னு வந்துச்சு. சேலத்துல ஒரு காது டாக்டரம்மாகிட்டக் காட்டினாங்க. வா, நானே கூட்டிட்டுப் போறேன்."

"என் காதுக்கு என்னக்கா? கம்மல் திருகு கழண்டு விழுந்தாக்கூட எனக்குக் கேக்குது."

"வாயேன்."

சேலத்துக் காது டாக்டர் லூர்துசெல்விக்கு நாற்பது வயது இருக்கும். தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு குப்பாயியின் தலையைப் பிடித்து வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்பினார். குப்பாயியின் கண் மூக்கைவிட்டு நழுவிப்போய், பிறகு தாவி வந்து பிடித்தது. மறுபக்கமும் அப்படியே. பிறகு படுக்கவைத்துக் காதுக்குள் ஐஸ் தண்ணீரைப் பீய்ச்சினார். அவளுக்கு முன்னால் அதே சோதனை செய்துகொண்ட ஒரு வாத்தியார் வெளியே பெஞ்சைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு? சுத்துதா?"

"சில்லுனு இருக்குதுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

அடுத்த காதிலும் செய்தார். ஒன்றுமில்லை. டாக்டர் பீய்ச்சுகுழாயைத் தட்டில் வைத்தார். பிறகு கேட்டார்:

"உங்களுக்கு டி.பி. வந்துச்சா? ரொம்ப நாள் ஊசி போட்டாங்களா?"

குப்பாயி எழுந்து உட்கார்ந்தாள். அவள் அதைச் சொல்லவே இல்லை.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். காதுக்கு உள்ளே, எலும்புக்குள், கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. அதை ஒட்டியே தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்று சொல்வதற்கு வேறோர் இடம் இருக்கிறது. அங்கே தண்ணீர் மாதிரி ஒரு திரவம். அதில் கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கற்றைகள். தலைமயிரைப்போல இல்லை, அதைவிடப் பல மடங்கு மெல்லியவை. ஒரு கற்றையில் உள்ளவை ஒரே உயரம் இல்லை. குட்டை, அதைவிட நெட்டை, அதைவிட நெட்டை என்று படிக்கட்டு மாதிரி வரிசையாக நிற்கின்றன. குட்டையின் நுனியிலிருந்து பக்கத்து நெட்டைக்கு ஒரு நூல் ஓடுகிறது. தலை திரும்பினால் திரவம் பின்தங்கும். அது மயிர்களைச் சாய்க்கும். நெட்டை இருக்கும் பக்கம் சாய்ந்தால் நூல் இழுபடும். நூல் இழுத்தால் மயிரின் நுனியில் ஒரு சின்னக் கதவு திறக்கும். உப்பு உள்ளே பாயும். உடனே நரம்பு மூளைக்குச் சொல்லிவிடும்.

"எவ்வளவு சாயணும்னு நெனைக்கிறீங்க? சாதாரண மைக்ராஸ்கோப்புல பார்த்தாக்கூடத் தெரியாத அளவு சாஞ்சாப் போதும். கண்ணு இமைக்கிறதுக்குள்ள சேதி போயிரும். அதனாலதான் நடக்கும்போது நமக்கு உலகம் குலுங்கறதில்லை. தலை ஆடற அளவுக்குக் கண்ணைத் திருப்பி வெச்சுக்கும். உங்களுக்கு அந்த மயிரெல்லாம் போயிருச்சும்மா. ரெண்டு பக்கமும்."

"எங்க போச்சுங்க?"

"அந்த ஊசி மருந்து. ரத்தத்துல இருந்து காதுக்குள்ள வந்துடும். அதே கதவு வழியாத்தான் உள்ள நுழையலாம்னு இப்பச் சொல்றாங்க. நுழைஞ்சா வெளியே வராது. உள்ளயே இருந்து அந்தச் செல்லைக் கொன்னுரும். சில பேருக்குக் கேக்கறது போகும். உங்களுக்கு நிதானம் போயிருக்கு."

"திரும்ப மொளைக்காதுங்களா?"

"மனுசங்களுக்கு மொளைக்காது." டாக்டர் தயங்கினார். "கோழிக்கு மொளைக்குதுன்னு அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி கண்டுபிடிச்சிருக்காங்க."

"கோழிக்கு மொளைக்குதா?"

"ஆமா."

"எங்கூட்டுக் கோழிக்கு மொளைக்கும், எனக்கு மொளைக்காதுங்களா?"

அவள் குரல் உயர்ந்ததில் வெளியே இருந்த ஜரீனா எட்டிப் பார்த்தாள். குப்பாயி படத்தைப் பார்த்தபடி அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"இந்த மருந்து இப்படிப் பண்ணும்னு எப்பக் கண்டுபிடிச்சாங்க?"

"அது..." டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். "மருந்து வந்த ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே தெரியும். நான் பொறக்கறதுக்கு முன்னாடி. எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்கு."

"நான் பூமி ஆடுதுன்னு சொன்ன அன்னிக்கே நிறுத்தியிருந்தா?"

"கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். வேற மருந்துக்கு மாத்தியிருக்கலாம். ஆனா ஒண்ணும் சொல்லணும். வைத்தியமே பண்ணாம விட்டிருந்தா அந்த வருஷமே செத்திருப்பீங்க."

"செத்திருப்பேன், சரிங்க. நான் அதுக்கு நன்றி சொல்லோணும், அதுவும் சரிங்க. தெரிஞ்சதச் சொல்றதுக்கு என்னங்க கேடு?"



பழைய கம்பவுண்டர் பாலசுப்பிரமணியம் ஓய்வு பெற்று அடிவாரத்தில் மகன் வீட்டில் இருப்பது ஜரீனாவுக்குத் தெரியும். மலை ஏறும் வழிதானே, அங்கே இறங்குகிறேன் என்றாள் குப்பாயி. ஜரீனா தடுத்துப் பார்த்தாள். கடைக்கு ஆள் வேண்டும் என்று அவள் அதே பஸ்ஸில் மேலே போய்விட்டாள்.

அவர் முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"வாம்மா குப்பாயி. என்ன இந்தப் பக்கம்?"

"ஏனுங்க சார், நான் குடிகாரியா?"

"இது என்ன கேள்வி?"

"பூமி ஆடுதுன்னு சொன்னனா இல்லியா? எத்தனை நாள் சொன்னேன்?"

அவர் புளியை முறத்தில் போட்டார். "சொன்னே. நீ மட்டுமா? அந்த ஊசி போட்டவங்க நாலஞ்சு பேரு அதேதான் சொன்னாங்க. கொட்டச்சேட்டு வெங்கடாசலம் தெனமும் சொன்னான்."

குப்பாயிக்குப் பக்கத்து ஊர்க்காரனான வெங்கடாசலத்தைத் தெரியும். அவளுக்கு அடுத்த வருடம் ஊசி போட்டுக்கொண்டவன். ஒரு ராத்திரி வீடு திரும்பும்போது பாறைச்சரிவில் விழுந்து செத்தான். சாராயம் குடித்துவிட்டு விழுந்தான் என்றுதான் போலீஸ் உட்பட எல்லாரும் சொன்னார்கள். குப்பாயியும் அப்படித்தான் சொன்னாள்.

"டாக்டருக்குச் சொன்னீங்களா?"

"எங்க சொல்றது? அவரு கார்ல ஒரு காலை வெச்சுக்கிட்டுத்தான் கையெழுத்தே போடுவாரு. போடச் சொன்னாரு, போட்டேன். நீ உசுரோட இருக்கியா இல்லியா?"

"இருக்கேன். குடிகாரின்னு யாரு சொன்னது?"

அவர் இன்னொரு புளியை எடுத்தார். பிறகு அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். "நீ ஓடையில விழுந்தியே, அன்னிக்கு ரைட்டர் கேட்டாரு, அவ ஏன் தள்ளாடறான்னு. ஊசியாலன்னு சொன்னா நம்ம தலை உருளும். என்னமோ வாயில வந்ததச் சொன்னேன். அத இத்தனை வருஷம் யாரு ஞாபகம் வெச்சிருப்பா?"

வாயில் வந்தது. இத்தனை வருஷமும் சாயங்காலம் வாசலில் நின்று ஊதியது, பிள்ளையைத் தூக்காமல் இருந்தது, நேற்று வந்தவன் ஓரமாக நின்று சொன்னது, எல்லாம் இந்த ஆள் வாயில் வந்தது.

"இப்ப மேல வந்து சொல்லுங்க. எம் மகளைப் பேசி முடிச்ச ஊட்டுல வந்து, அவ குடிக்கலை, ஊசியால ஆச்சுன்னு சொல்லுங்க."

"இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா அந்த வம்பெல்லாம்? போ, போயி ஊட்டு வேலையப் பாரு."

அவள் முறத்தை எட்டி உதைத்தாள். உதைத்த வேகத்தில் தானும் விழுந்தாள். புளியெல்லாம் மண்ணில் சிதறியது. அவர் மருமகள் ஓடிவந்து தூக்கினாள். குப்பாயி அந்தக் கையை உதறிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள்.

மேலே வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனாள். புதுக் கம்பவுண்டர், அதே பெஞ்சு. அதில் அவள் பக்கத்து வீட்டு அங்கப்பன் ஊசிக்காக உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் டி.பி. என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். தட்டில் இருந்த மருந்துக் குப்பியைப் பார்த்தாள்.

"எந்திரிடா அங்கப்பா. ஓடிப்போயிரு. இவனுக கொல்லறவனுக. என்னைக் கவுத்தானுக, வெங்கடாசலத்தைக் கொன்னானுக, அடுத்தது நீ."

தட்டைத் தூக்கித் தரையில் அடித்தாள். குப்பிகள் நொறுங்கின. கம்பவுண்டர் ரைட்டரைக் கூப்பிட ஓடினான். அங்கப்பன் பயந்துபோய் எழுந்து போய்விட்டான். இத்தனை வருடத்தில் அன்று ராத்திரிதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அங்கப்பன் விட்டது ஊசியை மட்டும் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரையையும் விட்டுவிட்டான். மாத்திரையை விடாதே என்று அவனிடம் சொல்ல வேண்டும் என்பது குப்பாயிக்குத் தோன்றவே இல்லை. ஐப்பசி மழையில் அவனுக்கு மறுபடி ரத்தம் வந்தது. இந்தத் தடவை துணி நனைய வந்தது.

அவன் மனைவி ஆராயி குப்பாயியின் வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"நீ விழுந்து விழுந்தாச்சும் நடக்கறே. எம்புருசன் மூச்சு விடறதுக்கே எந்திரிச்சு உக்கார வேண்டியிருக்குது. உங்கோவத்துக்கு எம்புருசன்தான் கெடைச்சானா?"

யாருக்கும் பதில் சொல்லாமல் விடாத குப்பாயி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஆராயி போன பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பழைய கம்பவுண்டர் வாயில் வந்ததைச் சொன்னார். அவளும் வாயில் வந்ததைத்தான் சொல்லியிருந்தாள்.

விடிந்ததும் அங்கப்பன் வீட்டு முன்னால் நின்றாள். "எந்திரி. சேலம் போறோம்." ஆராயி அவளைப் பார்க்காமலே புருஷனுக்குப் போர்வையைச் சுற்றினாள். மூன்று பேரும் கீழே போனார்கள். லூர்துசெல்வி கேட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த நெஞ்சு டாக்டரிடம் அனுப்பினார். அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், ஊசி இல்லாமலே மாத்திரை எழுதலாம் என்றார், எழுத ஆரம்பித்தார்.

"ஏனுங்க டாக்டர்," என்றாள் குப்பாயி. "இந்த மாத்திரை என்ன பண்ணும்னு அவங்கிட்டச் சொல்லிட்டுக் குடுங்க."

"நீங்க யாரும்மா?"

"யாரா இருந்தா என்னங்க? நல்லது பண்ணும்னு தெரியும். கெட்டது என்ன பண்ணும்? அதச் சொல்லுங்க. அவன் கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்."

டாக்டருக்கு முகம் சுருங்கியது. வெளியே கூட்டம் இருந்தது. அங்கப்பன் இருமலுக்கு நடுவே, "சொல்லுங்க சார். எங்கூட வந்தவங்கதான்" என்றான். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ சாப்பாடு பிடிக்காமல் குமட்டினாலோ அன்றைக்கே வர வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாவிட்டாலும் வர வேண்டும். இடையில் நிறுத்தினால் அடுத்த தடவை காப்பாற்றுவது கஷ்டம். அவ்வளவுதான். காப்பி ஆறுவதற்கு ஆகிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்னப் பேச்சு இல்லாமலா தன் வாழ்க்கை போனது என்று குப்பாயி நினைத்தாள்.

அங்கப்பன் மாத்திரையை விடாமல் சாப்பிட்டான். அடுத்த அறுவடைக்குக் கூடை தூக்கினான். ஆராயி மட்டும் குப்பாயியிடம் பேசவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வருடக்கணக்கில் பேசாமல் இருந்தாள். குப்பாயி அதைப்பற்றி யாரிடமும் குறை சொன்னதில்லை.

பழனியம்மா தன் அத்தை மகனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெரியண்ணன் குப்பாயியிடம், "தெனமும் உன்ன ஊதச் சொன்னது தப்பு" என்றான். "தப்புதான்" என்றாள். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வெங்கடாசலத்தின் மனைவி சின்னத்தாயி கொட்டச்சேட்டில்தான் இருந்தாள். அவளிடம் போய்ச் சொல்லக் குப்பாயிக்கு வெகுநாள் தைரியம் வரவில்லை. தொண்ணூற்றைந்து மாசியில், நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போனாள். சின்னத்தாயி மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். குப்பாயி எல்லாவற்றையும் சொன்னாள், தானும் அவனைக் குடிகாரன் என்று பேசியதையும் சேர்த்து.

சின்னத்தாயி மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள்.

"அவுரு சாவறதுக்கு முந்தின நாளு நான் சோறு போடலை," என்றாள். "குடிச்சுட்டு வாரவனுக்குச் சோறு இல்லீன்னேன். நான் குடிக்கலை புள்ள, தரை ஆடுதுன்னாரு. தட்டைக் கழுவிக் கவுத்தி வெச்சேன்."

பிறகு எழுந்து சேலையில் கையைத் துடைத்தாள்.

"அடிவாரத்துல அந்த ஆளு ஊடு எந்தப் பக்கம்?"

இரண்டு பேரும் அடுத்த பஸ்ஸிலேயே மலை இறங்கினார்கள். சின்னத்தாயி அவர் வீட்டுக்குள் போகவில்லை. ரோட்டோரமாக அவர் வீட்டுக் கேட்டை மறித்து உட்கார்ந்துகொண்டாள். போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் தன் புருஷன் பேரைச் சொல்லி, அவன் எப்படிச் செத்தான் என்று சொன்னாள். டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். மகன் வந்து மிரட்டினான். மருமகள் கெஞ்சினாள். வெயில் சாய்ந்த பிறகு பாலசுப்பிரமணியம் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன சொல்லணும்?"

"என் புருசன் குடிச்சாரா?"

"இல்லை."

"இவ?"

அவர் குப்பாயியைப் பார்க்கவில்லை. "குடிக்கலை," என்றார் தரையைப் பார்த்து.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் குப்பாயி. "அன்னிக்கு ரைட்டருகிட்டச் சொன்னப்ப ஊருக்கே கேட்டுச்சே."

அவர் சத்தமாகச் சொன்னார். கூட்டம் கேட்டது. சின்னத்தாயி தலையில் அடித்துக்கொண்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். குப்பாயிக்கு அழுகை வரவில்லை. மனசு ஆறியதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். ஆறவில்லை. கேட்டின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சின்னத்தாயியைத் தூக்கி நிறுத்தினாள்.